கொரிந்துக்குப் போன கடிதங்களும் எங்கள் சபையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் நாங்கள் சிலர் கூடி புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு நிருபங்களையும் வாசித்து முடித்தோம். பல சபைகளைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். பாதிக் கேள்விகள் தேநீர் குடிக்கும்போது வந்தவை. அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் என் வாசிப்பு. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

நிருபமா, திருமுகமா?

இரண்டும் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் நிருபம், கத்தோலிக்கர் பக்கத்தில் திருமுகம். திருமுகம் என்பது அரசன் அனுப்பும் ஓலைக்குப் பழைய தமிழில் வழங்கிய சொல். ஆனால் வாசித்துப் பார்த்தால் அரசன் ஓலை போல இல்லை. வெளியூரில் இருக்கிற தகப்பன், வீட்டில் பிள்ளைகள் சண்டை என்று கேள்விப்பட்டு இரவோடு இரவாக எழுதியது போல இருக்கிறது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிரேக்கப் பட்டினத்துச் சண்டை எங்களுக்கு எதற்கு?

முதலில் அந்த ஊரைப் பார்த்துவிடுவோம். கிரேக்க நாட்டின் வடபாகத்தையும் தென்பாகத்தையும் இணைக்கிற ஒடுக்கமான நிலத்தில் கொரிந்து இருந்தது. மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே கெங்கிரேயா என்ற இன்னொரு துறைமுகம். நடுவே கல் பாவிய பாதையில் சரக்கையும் சில வேளைகளில் படகையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கி.மு. 146இல் ரோமர் அந்த நகரை அழித்துவிட்டார்கள். கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதைத் திரும்பவும் குடியேற்றினார். குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். அதனால் பவுல் காலத்துக் கொரிந்தில் பரம்பரைப் பெருமை உள்ளவர்கள் குறைவு, பெருமை தேடுகிறவர்கள் அதிகம். பணம் கொடுத்துக் கட்டடம் கட்டி, கல்லில் பெயர் வெட்டி வைப்பது அங்கே பெரிய விஷயம். ஏரஸ்து என்ற ஒருவர் பதவி கிடைத்ததற்காகத் தன் சொந்தச் செலவில் தரை பாவினார் என்று சொல்லும் கல்வெட்டு அங்கே இன்றும் கிடக்கிறது. ரோமர் நிருபத்தின் கடைசியில் வரும் பட்டணத்து உக்கிராணக்காரன் (பொருளாளர்) ஏரஸ்து இவர்தானா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கல்லில் பெயர் வெட்டுவது என்று வாசித்ததும் விறாந்தையில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஏன் என்று எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. எந்தச் சபை மண்டபத்தின் வாசலிலும் நின்று பாருங்கள்.

பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியோடு சேர்ந்து கூடாரம் தைத்துச் சீவித்தார். கல்லியோன் என்பவர் கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்துக்கு அதிபதியாக இருந்தபோது பவுலை நியாயாசனத்துக்கு முன் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டை வைத்துக் கல்லியோனின் காலம் கி.பி. 51, 52 அளவு என்று கணிக்கிறார்கள். பவுலின் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாகத் தேதி சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

மொத்தம் இரண்டு கடிதங்கள்தானா?

இல்லை. குறைந்தது நான்கு. முதலாம் நிருபம் 5:9இலேயே தான் முன்பு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறார். இரண்டாம் நிருபம் 2:4இல் மிகுந்த கண்ணீரோடு எழுதிய இன்னொன்று வருகிறது. அவர்களும் அவருக்கு எழுதியிருக்கிறார்கள். முதலாம் நிருபம் 7:1இல் அவர்கள் எழுதிய காரியங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறார். தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் நின்று கேட்பது போலத்தான் நாங்கள் இந்தக் கடிதங்களை வாசிக்கிறோம். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பதைப் பாதி ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதை மறந்து ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு சட்டம் போடப் போனால் பிசகிவிடும்.

"நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்ற சண்டை எங்கள் சபைப் பிரிவுகளைக் குறிக்கிறதா?

அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் வாசிக்கும்போது குத்தத்தான் செய்கிறது.

யாழ்ப்பாணத்தில் யார் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் வேதாகமம் தீர்மானிக்கவில்லை, ஊர் தீர்மானித்தது. அமெரிக்கன் மிஷன் 1816இல் வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று வலிகாமத்தில் வேரூன்றியது. வெஸ்லியன்காரர் பட்டினத்திலும் பருத்தித்துறையிலும். சேர்ச் மிஷன்காரர் (அங்கிலிக்கன்) 1818இல் வந்து நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி. கத்தோலிக்கம் இவர்கள் எல்லாருக்கும் மூத்தது; ஒல்லாந்தர் அதை ஒடுக்கிய காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் முனிவர் சில்லாலையைத் தளமாக வைத்து அதைக் காப்பாற்றினார். ஆகவே உங்கள் பூட்டன் இருந்த ஊர் இரண்டு கட்டை தள்ளி இருந்திருந்தால் நீங்கள் வேறு பாட்டுப் புத்தகம் பிடித்திருப்பீர்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றுதான் பவுல் முதலாம் நிருபம் 4:7இல் கேட்கிறார்: உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது எது?

பலர் கவனிக்காத வசனம் ஒன்று 16:12இல் இருக்கிறது. தனக்குப் பின் கொரிந்தில் போதித்த அப்பொல்லோவைத் திரும்பவும் அங்கே போகும்படி பவுலே மிகவும் வேண்டிக்கொண்டார். அப்பொல்லோவுக்குத்தான் இப்போது வர மனதில்லை. அதாவது தலைவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. அவர்கள் பெயரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் சண்டை பிடித்தார்கள். பழைய ஐயர் (சபைப் போதகர்) நல்லவர், புது ஐயர் சரியில்லை என்று நாங்கள் பிரிந்து நிற்கும்போது, அந்த இரண்டு ஐயர்மாரும் எங்கேயாவது ஒன்றாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

திருவிருந்து எடுக்க நான் தகுதியில்லாதவன் என்று ஒதுங்குகிறேன். பதினோராம் அதிகாரம் அப்படித்தானே எச்சரிக்கிறது?

எங்கள் கூட்டத்தில் மூன்று செவ்வாய்க்கிழமைகளை எடுத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.

எங்கள் வயதானவர்கள் பலர் "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) என்ற சொல்லுக்குப் பயந்தே பின் வாங்கில் இருந்துவிடுவார்கள். கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், இந்தமுறை எடுக்க மாட்டேன் என்பார்கள். மனச்சாட்சியைச் சோதிப்பது நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பவுல் எந்தக் குற்றத்தைப் பார்த்து இதை எழுதினார்?

அந்தக் காலத்தில் கோயில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவருடைய வீட்டில் கூடினார்கள். திருவிருந்து ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமும் அல்ல, முழுச் சாப்பாடு. ரோம வீடுகளில் சாய்ந்திருந்து சாப்பிடும் அறையில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் இடம் இருக்கும், மற்றவர்கள் முற்றத்தில். கொரிந்திலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். வசதியானவர்கள் வேளைக்கே வந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும் அடிமையும் வேலை முடிந்து வரும்போது மிச்சம் இருக்காது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அபாத்திரமாய் என்பது அந்தச் சாப்பாட்டைப் பற்றிய வார்த்தை. கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியவில்லை என்கிறாரே, அந்தச் சரீரத்தில் முற்றத்தில் பசியோடு நிற்கிறவனும் ஒரு அவயவம். அடுத்த அதிகாரம் முழுக்க அதைத்தான் விரிக்கிறது.

அவர் தரும் தீர்ப்போ மிகச் சின்னது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

யாழ்ப்பாணத்தில் இதை வாசித்துவிட்டுச் சாதியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிப் பேணி வைத்த காலம் ஒன்றும் அவ்வளவு பழையது அல்ல. 1960களின் கடைசியில் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்கு இங்கே போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், 1968. அது சைவக்காரர் பிரச்சினை என்று நாங்கள் கையைக் கழுவிவிட முடியாது. மிஷன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சமமாக இருத்துவதற்கே 1920களிலும் 30களிலும் சண்டை நடந்தது. இன்றைக்குப் பாத்திரம் ஒன்றுதான், எல்லாரும் ஒரே பலிபீடத்துக்கு முன் முழங்காலில் நிற்கிறோம். ஆனால் ஆராதனை முடிந்து யார் வீட்டுக்கு யார் சாப்பிடப் போகிறோம், கலியாணத்துக்கு யார் வீட்டில் பிள்ளை எடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்தால், முற்றத்தில் நிற்பவர்கள் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆடிக்கூழ் காய்ச்சினால் எல்லாரும் சுற்றி இருந்து பனையோலைப் பிளாவில் குடிப்போமே, அதிலே யாருக்கு முதல், யாருக்குக் கடைசி என்று இல்லை. கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "கூழ் குடிக்கிற மாதிரிக் கூடிவாருங்கோ எண்டு பவுல் எழுதியிருந்தால் எங்களுக்குச் சுகமாய் விளங்கியிருக்கும்."

ஆகவே தகுதியில்லை என்று ஒதுங்குகிற நல்ல மனதுக்காரருக்கு என் பதில்: போய் எடுங்கள். எடுத்துவிட்டு, வெளியே யாராவது காத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பாருங்கள்.

சைவச் சொந்தக்காரர் வீட்டில் அந்தியேட்டி, திவசம், பொங்கல் என்றால் சாப்பிடலாமா? கோயில் பிரசாதம் வாங்கலாமா?

பவுலுக்கு இருந்தது இறைச்சிப் பிரச்சினை, எங்களுக்கு இருப்பது மரக்கறிப் பிரச்சினை. கொரிந்தில் கடையில் தொங்கிய இறைச்சியில் கொஞ்சம் கோயில் பலியிலிருந்து வந்தது. அங்கே கோயில்களிலேயே விருந்து அறைகளும் இருந்தன. மருத்துவத் தெய்வமான அஸ்கிலேப்பியுவின் கோயிலில் சாப்பாட்டு அறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பிறந்தநாள், கலியாணம் என்று அழைப்பு வந்தால் போவதா விடுவதா என்பது அன்றாடக் கேள்வி.

எட்டு முதல் பத்து வரையான அதிகாரங்களில் பவுல் ஒற்றை வரிச் சட்டம் தரவில்லை. மூன்று இடங்களை மூன்று விதமாகப் பிரிக்கிறார். கடையில் விற்பதா? விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். ஒருவர் வீட்டு விருந்தா? போக மனதிருந்தால் போய், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள். யாராவது "இது படைத்தது" என்று சொல்லிக் கேள்வி எழுப்பினால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடுங்கள். வழிபாட்டிலேயே பங்கெடுக்கிற சாப்பாடா? அதற்கு மட்டும் அவர் உறுதியாக இல்லை என்கிறார்.

இதை இங்கே கொண்டுவந்தால் என்ன? எங்கள் குடும்பங்களில் பாதி கலப்பு. பெரியம்மா சைவம், சித்தப்பா வேதக்காரர். அந்தியேட்டி வீட்டுக்குப் போய் வாழையிலைக்கு முன் இருந்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று எழும்பினால் நீங்கள் அவமதிப்பது தெய்வத்தை அல்ல, செத்துப்போன பெரியப்பாவை. என் கருத்து: துக்க வீட்டுச் சாப்பாடு இரண்டாவது வகை. போங்கள், இருங்கள், சாப்பிடுங்கள். செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்பார்கள். அங்கே மடத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். அதை இகழ்ந்து பேசுகிற கிறிஸ்தவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பிரசாதத்தைப் பொறுத்தவரை நான் வாங்குவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்லூர்த் திருவிழாவிலிருந்து ஓடிவந்து ஆசையாக நீட்டினால் கையைத் தட்டிவிடவும் மாட்டேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இதை ஏற்கவில்லை. அவர் சைவத்திலிருந்து வந்தவர், பெரிய விலை கொடுத்து வந்தவர். நான் சாப்பிடுவதை அவர் பார்த்தால் மனம் கலங்கும் என்றார். அவர் இருக்கிற பந்தியில் நான் சாப்பிட மாட்டேன். 8:13இல் பவுல் செய்வதும் அதுதான்: சரி யார் பக்கம் என்று தெரிந்தும், தன் சகோதரனுக்கு இடறலாகுமானால் என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன் என்கிறார்.

காணி வழக்குப் போடலாமா? ஆறாம் அதிகாரம் வேண்டாம் என்கிறதே.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து எழுதிய நாளிலிருந்து எங்களுக்குக் காணி வழக்கில்லாத தலைமுறை இல்லை. பங்குக்காரனுக்கு முதல் உரிமை, பக்கத்துக் காணிக்காரனுக்கு உரிமை, சீதனக் காணி, முதுசக் காணி என்று சட்டமே சண்டைக்கு விதை போட்டு வைத்திருக்கிறது. வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது கதியால் அரை அடி அங்கே போகும், அடுத்த வருஷம் இங்கே வரும்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு வேலி வழக்கு 14 வருஷம் ஓடியது. இரண்டு பக்கமும் ஒரே சபை, ஒரே வாங்கு. தீர்ப்பு வந்தபோது வழக்குப் போட்ட இரண்டு பேரும் உயிரோடு இல்லை. கிடைத்த நிலத்தில் இப்போது ஒரு முருங்கை நிற்கிறது. "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்ற வரியை அந்த முருங்கையைப் பார்த்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பவுல் பேசுவது சகோதரர்களுக்கிடையே வரும் பணம், சொத்துப் பிணக்கு. ரோம நீதிமன்றத்தில் பணமும் செல்வாக்கும் உள்ளவன் பக்கம்தான் தராசு சாயும். ஆகவே வழக்குக்கு இழுப்பது பெரும்பாலும் எளியவனை மிதிப்பதுதான். அந்த வசனத்தை எடுத்து, வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடமும் துன்புறுத்தப்பட்ட பிள்ளையின் தாயிடமும் "வெளியில் போகாதே, சபைக்குள் தீர்ப்போம்" என்று சொல்வது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அங்கே பொலிசுக்குத்தான் போக வேண்டும்.

பெண்கள் சபையில் பேசக் கூடாதா? முக்காடு கட்டாயமா?

14:34 பேசாமலிருக்கக்கடவர்கள் என்கிறது. அதே கடிதத்தில் 11:5 பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூட வேண்டும் என்கிறது. பேசவே கூடாதென்றால் பேசும்போது தலையை எப்படி வைக்க வேண்டும் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த 34, 35ஆம் வசனங்கள் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அதிகாரத்தின் கடைசிக்குத் தள்ளி இருக்கின்றன. அதனால் அவை பின்னால் சேர்ந்தவையோ என்று சந்தேகிக்கிறவர்களும் உண்டு. ஆராதனையில் குறுக்குக் கேள்வி கேட்டுக் குழப்பியவர்களை அடக்கியது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது.

எப்படியோ, சண்டை நடக்கிறது என்று பவுலுக்குச் செய்தி வந்ததே குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டாரால். கெங்கிரேயா சபைக்கு ஊழியக்காரி பெபேயாள் என்ற பெண். 1824இலேயே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் எங்களுடையது. படிக்க வைத்துவிட்டு வாயை மூடு என்றால் எப்படி?

முக்காடு விருப்பம். அம்மம்மா போட்டார், மகள் போடவில்லை. இருவரையும் விடுங்கள்.

அந்நியபாஷை?

ஆவியில் நிறைந்து, மற்றவர்களுக்கு விளங்காத மொழியில் பேசுவதைப் பவுல் தடுக்கவில்லை. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் மட்டும். பதினாயிரம் வார்த்தையைவிட விளங்குகிற ஐந்து வார்த்தை போதும் என்கிறார். வெளியிலிருந்து வருகிறவன் பார்த்தால் பைத்தியம் என்பானே என்றும் கேட்கிறார். ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டி ஊருக்குத் திருப்பி வைக்கிற எல்லா மதத்தாரும் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம். அதே சமயம் "அல்லேலூயாக் கூட்டம்" என்று நக்கல் அடிக்கிற எங்கள் பழைய சபைக்காரருக்கும் ஒரு வசனம் இருக்கிறது: கண் கையைப் பார்த்து, நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லக் கூடாது.

பதின்மூன்றாம் அதிகாரத்தைக் கலியாணத்தில் வாசிப்பது பிழையா?

பிழையில்லை, வடிவான அதிகாரம். ஆனால் அது கலியாண வாழ்த்தாக எழுதப்பட்டதல்ல, சண்டைக்காரருக்கு எழுதிய கண்டனம். "அன்புக்குப் பொறாமையில்லை" என்கிறார். 3:3இல் உங்களுக்குள் பொறாமை இருக்கிறதே என்று சொன்னவரும் அவரே. "இறுமாப்பாயிராது" என்கிறார், அந்த இறுமாப்பு என்ற சொல்லை நாலாம், ஐந்தாம், எட்டாம் அதிகாரங்களில் அவர்களைப் பார்த்தே பாவித்திருக்கிறார். வரிக்கு வரி, அன்பு எப்படி இருக்கும் என்று சொல்வது போல, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்கிறார். "சத்தமிடுகிற வெண்கலம்" கூட உள்ளூர்க் குத்தாக இருக்கலாம். கொரிந்து வெண்கலம் அந்தக் காலத்தில் பேர்பெற்ற சரக்கு. வடைக்குப் பேர்போன பருத்தித்துறைக்காரரிடம் போய், நீங்கள் நமுத்துப்போன வடை மாதிரி என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அடுத்த கலியாணத்தில் வாசிக்கிறபோது முன்வரிசையில் இருக்கிற இரண்டு வீட்டுச் சம்பந்திமாரைப் பார்த்து வாசியுங்கள். சரியான இடத்தில் போய் விழும்.

வெளிநாட்டுப் பணத்தில் கோயில் திருத்துகிறோம். கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். உண்மையா?

பவுலே கணக்குக் காட்டினார். அவரிடம் கேட்பதற்கு முன்பே.

எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக அவர் பல ஊர்ச் சபைகளில் பணம் சேர்த்தார். முதலாம் நிருபம் 16இல் முறையைச் சொல்கிறார்: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கதை எடுத்து வையுங்கள், கொண்டுபோக ஆட்களை நீங்களே தெரிந்தெடுங்கள். இரண்டாம் நிருபம் 8இல் தீத்துவோடு இன்னும் சபைகள் நியமித்தவர்களை அனுப்புகிறார். காரணத்தையும் மறைக்கவில்லை: இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றம் சொல்லாதபடிக்கு. அப்போஸ்தலனுக்கே இரண்டு, மூன்று சாட்சி தேவைப்பட்டதென்றால் எங்கள் கொமிற்றித் தலைவருக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது ஒன்றும் அவமானம் இல்லை.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரட்டை வேலை செய்து அனுப்புகிற காசு வியர்வைக் காசு, அதை மதிக்கிறேன். ஆனால் கொரிந்தின் வசதிக்காரர் தரும் சம்பளத்தைப் பவுல் வாங்க மறுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். மக்கெதோனியாக்காரரிடம் வாங்கினார், அவர்கள் கொடிய தரித்திரத்தில் கொடுத்தவர்கள். கொரிந்திலே வாங்கியிருந்தால், கொடுத்த பெரியவரின் ஆளாக அவரைக் கணக்கெடுத்திருப்பார்கள். மண்டபத்துக்குக் காசு தந்தவர் ஐயரை மாற்றச் சொல்லித் தொலைபேசி எடுத்த கதை எத்தனை சபையில் நடந்திருக்கிறது! பவுல் அந்தக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை.

சேர்த்த பணம் எதற்கு என்றும் பாருங்கள். கட்டடத்துக்கு அல்ல, பசித்தவர்களுக்கு. மாபிள் பதிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டு வீடு ஒழுகுகிற ஒரு விதவை அதே சபையில் இருக்கும்போது எதை முதலில் செய்வது என்றுதான் கேட்கிறேன்.

விசுவாசம் இருந்தால் நோயும் கடனும் வராது என்று பிரசங்கிக்கிறார்களே?

இரண்டாம் நிருபத்தை அவர்கள் வாசிப்பதில்லை போல. "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக" வருத்தம் வந்தது என்று முதல் அதிகாரத்திலேயே பவுல் எழுதுகிறார். மூன்று தரம் கப்பல் உடைந்தது, பசி, குளிர், நிர்வாணம். மாம்சத்தில் ஒரு முள். நீக்கும்படி மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் கிடைத்த பதில். அந்த முள் என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. அதனால் எல்லாரும் தங்கள் முள்ளை அங்கே வைத்து வாசிக்கலாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி, மழையில், நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். அந்தச் சனத்துக்குள் விசுவாசம் குறைந்தவர்கள் மட்டுமா நடந்தார்கள்? என் தாயார் ஒரு வேதாகமமும் ஒரு அரிக்கன் லாம்பும் எடுத்துக்கொண்டு வந்தார். லாம்புச் சிமிலி வழியில் உடைந்துவிட்டது. "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்ற வசனம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிமிலிதான் ஞாபகம் வரும். அந்த ஜனத்திடம் போய், உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பவுலுக்கும் வந்திராது.

பிழை செய்தவரைச் சபையை விட்டு விலக்கலாமா?

முதலாம் நிருபம் 5இல் விலக்கச் சொல்கிறார். இரண்டாம் நிருபம் 2இல் தண்டனை போதும், மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார். இரண்டும் ஒரே ஆளா என்பது தெளிவில்லை. முதல் பகுதி எங்கள் சபைகளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதைக் கொமிற்றிக் கூட்டத்தில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

எந்த மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம்? எங்கே தொடங்கலாம்?

நான் இங்கே எடுத்துக்காட்டிய வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. அதன் ஓசை காதில் நிற்கும். சொல் சில இடங்களில் விளங்காது. அப்போது பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். வேதாகமத் தமிழோடு எங்கள் ஊருக்கு ஒரு சொந்தமும் உண்டு: பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். பிறகு அதே மிஷன்மாரை எதிர்த்துச் சைவத்துக்காக எழுந்து நின்றவரும் அவர்தான்.

சத்தமாக வாசியுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். அன்றைக்குக் கொரிந்தில் பெரும்பாலானோர் அப்படித்தான் கேட்டார்கள். துண்டு துண்டாக வேண்டாம். தொடக்கம் பதினோராம் அதிகாரமாக இருக்கலாம். சாப்பாட்டிலிருந்து தொடங்கினால் மற்றவை தானாக விளங்கும்.

கடைசியில் கொரிந்து சபை திருந்தியதா?

கொஞ்சம். பவுல் பிறகு அந்தப் பக்கம் போய் மூன்று மாதம் தங்கினார். ரோமர் நிருபத்தை அங்கிருந்தே எழுதினார் என்பது பரவலான கருத்து. அகாயா நாட்டாரும் எருசலேம் ஏழைகளுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். ஆகவே பணம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, கி.பி. 96 அளவில், ரோமாபுரிச் சபையிலிருந்து கொரிந்துக்கு இன்னொரு நீண்ட கடிதம் போனது. ரோமாபுரி ஆயர் கிளெமந்து எழுதியது என்பது மரபு. ஏன்? கொரிந்தில் திரும்பவும் சண்டை. குற்றம் இல்லாத மூப்பர்களை நீக்கிவிட்டார்கள். பவுல் உங்களுக்கு எழுதியதை எடுத்துப் பாருங்கள், அன்றைக்கே கட்சி பிரிந்தீர்களே என்று அந்தக் கடிதம் ஞாபகப்படுத்துகிறது.

அதற்கும் பிறகு, கி.பி. 170 அளவில், தியோனீசியு என்பவர் கொரிந்துக்கு ஆயராக இருந்தார். ரோமாபுரிக்கு அவர் எழுதிய பதிலில் ஒரு செய்தி இருக்கிறது: கிளெமந்து வழியாக எங்களுக்கு வந்த அந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் இன்னும் வாசித்து வருகிறோம். தங்களைக் கண்டித்து வந்த கடிதத்தை அவர்கள் எழுபது வருஷத்துக்கு மேலாகக் கிழித்துப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.